லிப்ஏசிஎல்: வேலை சுத்தம், வழிதான் சுற்று

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலக லினக்ஸ் சர்வரில், குரூப்பைத் தொடாமல் ஒரு ஃபோல்டரை இரண்டே பேருக்கு மட்டும் திறந்துவிட, சி மொழியில் லிப்ஏசிஎல் லைப்ரரியைப் பயன்படுத்தினேன். ஒரு கோப்புக்கோ ஃபோல்டருக்கோ யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை (ஏசிஎல்) கையாள்வதுதான் இது. வேலை சுத்தம்.

ஆனால் ஒரே ஆளைச் சேர்க்க, என்ட்ரி உருவாக்கு, தனி ஆளா குரூப்பா என்று டேக் வை, யூசர் ஐடி கொடு, பெர்மிஷன் செட்டை எடு, அதில் ரீட் சேர் என்று, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு, அதைத் தாண்டியிருக்கும் பேட்டையைச் சுற்றிப் போகிற மாதிரி இழுக்கிறது. என்னைக் கேட்டால் ஏசிஎல்_ஃப்ரம்_டெக்ஸ்ட் என்ற ஒரே ஃபங்ஷன் போதும், எழுத்தாகவே கொடுத்துவிடலாம். அப்புறம் மாஸ்க், அதாவது பெயர் சொன்ன ஆட்களுக்கும் குரூப்களுக்கும் கிடைக்கக்கூடிய அனுமதியின் உச்ச வரம்பு! தனி ஆள் பெயர் இருந்தால் அது கட்டாயம். ஏசிஎல்_கால்க்_மாஸ்க் அழைத்தால் தானே கணக்கிட்டுச் சேர்த்துவிடும், மாஸ்க்கே இல்லாவிட்டால் செட் செய்யும்போது பிழைதான். இதற்கெல்லாம் அடிப்படையான போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) 1003.1இ வரைவு 17 எப்போதோ கைவிடப்பட்டது, லினக்ஸ் விடவில்லை. மேன் பக்கங்கள் (கட்டளை வரியில் படிக்கும் கையேடு) அருமை. சரி, புதுக் கோப்புகளுக்கும் அதே அனுமதி வேண்டுமென்றால் டிஃபால்ட் ஏசிஎல்லைத் தனியாக வைக்க வேண்டும்.