ரெட்டை பேட்டரி லாரி: ஒன்றை மட்டும் மாற்றுவதா, ஜோடியாக மாற்றுவதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நின்றால், அதை நம்பி ஓடும் மீன் லாரியும் நிற்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலை சரிபார்ப்பார்கள். லாரி பேட்டரியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் மீன் கரைக்கு வந்த அன்று சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏர் பிரேக் வண்டியில் காற்றும் இறங்கியிருக்கும், தள்ளிக்கூட ஸ்டார்ட் பண்ண முடியாது. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.

பேட்டரி கடையில் முதல் கேள்வி, “அண்ணே, ஒண்ணு போதுமா, ரெண்டுமா?” என்பதுதான். ஒன்று போதும் என்று சொல்லி நான் பட்டிருக்கிறேன். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

நம் லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். அமெரிக்க டீசல் பிக்கப் வண்டிகளிலும் இரண்டு பேட்டரி உண்டு, ஆனால் அங்கே பக்க இணைப்பு, மொத்தமும் 12 வோல்ட்தான். அந்த வண்டிகளின் வீடியோவைப் பார்த்து நம் வண்டியில் கேபிள் மாட்டிவிடாதீர்கள். தொடர் இணைப்பில் ஒரே கரண்ட்தான் இரண்டின் வழியாகவும் போகும். இரண்டும் ஒத்த வலுவோடு இருந்தால், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தரும் 28 வோல்ட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்று தளர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

என் வண்டியில் ஒரு பேட்டரி போனது. மற்றதற்கு மூன்று வயது, ‘இன்னும் இழுக்குமே’ என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்துப் புதியதே தகராறு செய்தது. இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் பழையதில் 13.2, புதியதில் 15. மொத்தம் 28.2, பார்க்க ஒரு குறையும் இல்லாத எண். மூடியைத் திறந்தபோதுதான் புரிந்தது. புதியதில் தண்ணீர் வற்றி, தகடுகள் மேலே தெரிந்தன. பழையது வாங்க மறுத்த வோல்ட்டை எல்லாம் இது தாங்கி, கொதித்தே செத்திருக்கிறது. ஒன்றின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் மூன்று பேட்டரிக்குப் பணம் கட்டினேன்.

ஆகவே ஜோடியாக மாற்றுவதே என் தீர்ப்பு. ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு), முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பு. ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் நேரம் ஒன்றுதான்: ஜோடி வாங்கிச் சில மாதத்திலேயே ஒன்று வாரண்டியில் போனால். அப்போதும் இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றிய பிறகே சேர்த்து மாட்ட வேண்டும். செகண்ட் ஹேண்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, தண்ணீர் ஊற்றும் பேட்டரியா, சீல் வைத்ததா? இங்கே எனக்கு ஒரே பதில் இல்லை.

சீல் வைத்ததில் கால்சியம் கலந்த தகடு. சும்மா நின்றால் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும், 61 நாளுக்கு அது பெரிய விஷயம். ஆசிட் புகையும் குறைவு. ஆனால் அடியோடு இறங்கிவிட்டால் எழுப்புவது கஷ்டம், தண்ணீர் வற்றினாலும் நம்மால் ஊற்ற முடியாது. தண்ணீர் ஊற்றுவதில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் பார்க்கலாம். ஐந்து செல்லில் மிதவை பச்சையில் நின்று, ஒன்றில் மட்டும் சிவப்பு வரை அமிழ்ந்தால் நோய் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைத் தின்றுவிடும். கேன் தண்ணீரும் உதவாது, அதிலும் கரைந்த உப்பு இருக்கிறது.

சொந்த வண்டியைத் தானே ஓட்டி, மாதம் ஒருமுறை மூடியைத் திறப்பவருக்குத் தண்ணீர் பேட்டரி நல்லது. வண்டியை டிரைவர் கையில் விட்டிருப்பவர் சீல் வைத்ததை வாங்கட்டும்.

எதை வாங்கினாலும் பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுக்காதீர்கள். அந்தப் பேட்டரி மட்டும் தினமும் தளரும், ஜோடி கெடும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டுவிடுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. பாம்பன் பாலத்தைத் தினமும் தாண்டும் வண்டியில் டெர்மினல் சீக்கிரமே நீலப்பச்சையாகப் பூத்துவிடும். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது சேஸிஸுக்குப் போகும் எர்த் (நெகட்டிவ்) கேபிள் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் பொறி பறக்கும், பக்கத்திலேயே பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது.

இப்போது என் வண்டியில் இருக்கும் ஜோடியில் மாட்டிய தேதியை வெள்ளைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 அன்று எர்த் கேபிளைக் கழற்றிவிடுவேன், ஜிபிஎஸ் கருவிகூட இழுக்கக் கூடாது. மே நடுவில் ஒருமுறை, ஜூன் 10 வாக்கில் ஒருமுறை, இரண்டையும் தனித்தனியாக சார்ஜரில் போடுகிறேன். இரண்டிலும் 12.6-க்குக் குறையாமல் வோல்ட் நின்ற பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறேன்.