மெனு ஆப்புக்கு ஃப்ளட்டரும் ஃபயர்ஸ்டோரும் போதுமா?

நண்பர் நடத்தும் உணவகத்துக்கு மெனு, ஆர்டர் இரண்டு மட்டும் உள்ள ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். ஆள் நான் ஒருத்திதான், அதுவும் சனி ஞாயிறுகளில். ஆப் எழுத ஃப்ளட்டர், தரவை நெட்டில் சேமித்து வைக்க ஃபயர்ஸ்டோர்: என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஜோடி சரிப்பட்டு வரும்.

ஃப்ளட்டரில் குறை சொல்ல அதிகமில்லை. டார்ட் மொழியில் எழுதிய ஒரே கோடு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடுகிறது. மாற்றிச் சேமித்தால் ஹாட் ரீலோடில் உடனே போனில் தெரியும். நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் பெரிசா போடவா?" என்று கேட்டுக் கேட்டே மெனுத் திரையை முடித்தேன். தமிழ்ப் பெயர்கள் நீளம், ஆகவே திரையில் இடம் போதாதபோது ஃப்ளட்டர் காட்டும் மஞ்சள் கறுப்புப் பட்டை அடிக்கடி எட்டிப் பார்த்தது. இருக்கும் இடத்துக்குள் பொருத்தும் எக்ஸ்பேண்டடில் அடக்கிவிட்டேன்.

ஃபயர்ஸ்டோரில் தப்பு என்னுடையது. 120 அயிட்டத்துக்கும் தனித்தனி டாக்குமெண்ட் (ஃபயர்ஸ்டோரில் ஒரு பதிவு) போட்டிருந்தேன். படிக்கிற ஒவ்வொரு டாக்குமெண்டும் ஒரு ரீட், அதாவது கணக்கில் ஏறும் ஒரு வாசிப்பு. 400 பேர் ஆப்பைத் திறந்தால் 48,000. இலவச வரம்போ நாளுக்கு 50,000! சோதனையின்போதே கண்ணில் பட்டது நல்லதாயிற்று. ஒரு டாக்குமெண்ட் 1 எம்பி வரை தாங்கும். படங்களை வெளியே வைத்துவிட்டு முழு மெனுவையும் ஒன்றிலேயே போட்டேன். ஒருவர் திறந்தால் இப்போது ஒரே ரீட்.

ஆர்டர் பகுதிதான் இதன் அழகு. வாடிக்கையாளர் அழுத்தியதும் சமையலறை டேப்லெட்டில் ரீஃப்ரெஷ் இல்லாமலே வந்து நிற்கும். தரவு மாறினால் உடனே சொல்லும் லிசனர் ஒன்று வைத்தால் போதும், தனியாக சர்வர் எழுத வேண்டாம். நண்பர் முதல்முறை பார்த்துவிட்டு, எங்கோ ஒளிந்துகொண்டு நான்தான் அனுப்புகிறேன் என்று நினைத்தார்.

ஆனால் வைஃபையை அணைத்து ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். போனில் ஆஃப்லைன் சேமிப்பு தானாகவே இயங்கும். ஆர்டர் போனுக்குள்ளேயே காத்திருந்து, நெட் வந்ததும் போகும். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் "ஆர்டர் ஏற்கப்பட்டது" என்று காட்டும்படி எழுதியிருந்தேன். சமையலறையில் ஒன்றுமில்லை, மேசையில் ஆள் பசியோடு. குறிப்பெழுதும் ஆப்புக்கு இது வரம், சாப்பாட்டு ஆர்டருக்கு ஆபத்து. டிரான்சாக்‌ஷனுக்கு மாற்றினேன். சர்வரோடு பேசி முடித்தால்தான் அது நிறைவேறும்; நெட் இல்லையென்றால் தோற்றுவிடும், "ஆளைக் கூப்பிடுங்கள்" என்று திரையிலேயே சொல்லிவிடலாம்.

மெனு எழுத இரண்டு வார இறுதி. இந்த ஒரு ஆர்டர் பட்டனுக்கு மட்டும் மூன்று.