பெடல் மிதித்தால் ‘டக்’: குற்றவாளி பெடலா, கிராங்கா, பிபி செட்டா?

சைக்கிள் மிதிக்கும்போது காலடியில் ‘டக்... டக்...’ என்று கேட்டால் முதலில் மாட்டிக்கொள்வது பிபி செட்தான், அதாவது பெடலைத் தாங்கும் இரண்டு கிராங்குகளையும் (கைகளையும்) இணைத்து ஃபிரேமுக்குள் சுற்றும் அச்சும் அதன் குண்டுகளும். கடையில் விட்டதும் பிபியைப் பிரித்து, குண்டு மாற்றி, கிரீஸ் வைத்துத் தருவார்கள். நாலு தெரு தாண்டியதும் அதே சத்தம். காரணம் எளிது. சத்தம் பிறக்கும் இடம் ஒன்று, கேட்கும் இடம் இன்னொன்று. ஃபிரேம் முழுக்க வெற்றுக் குழாய். சீட் பைப்பில் பிறந்த சத்தம்கூடக் கீழே பிபி பக்கம்தான் கேட்கும். கார்பன் ஃபிரேம் என்றால் கேட்கவே வேண்டாம், கடத்துக்குள் கூழாங்கல் உருட்டினது மாதிரி. அதனால் சத்தம் எங்கே கேட்கிறது என்பதை விட்டுவிட்டு, எத்தனை தடவை கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்பது மேல்.

நம் ஊர் சாதா சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பெடல் பக்கப் பல்சக்கரமான செயின் வீலில் 44 பல், பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலில் 18 பல், செயினில் 112 கண்ணி என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று வரும்போது பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றிவிடும். செயின் முழுசாக ஒரு சுற்று வர, பெடல் இரண்டரை சுற்று சுற்ற வேண்டும். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரே ‘டக்’, அதுவும் ஒரே இடத்தில் என்றால் பெடல், கிராங்கு, செயின் வீல், பிபி இவற்றில் ஒன்று. ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று தடவை விழுந்தால் பின்சக்கரம். இரண்டு சுற்று சும்மா இருந்துவிட்டு மூன்றாவதில் தலைகாட்டினால் செயின். கடையில் எவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்காத தகவல் இது. எண்ணினால் ஓசியில் கிடைக்கிறது.

செயினையும் சக்கரத்தையும் சட்டென்று முடித்துவிடலாம். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றி, செயின் ஃப்ரீவீலை விட்டு வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். இறுகிப்போன கண்ணி அங்கே மடங்காமல் துள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் லேசாக வளைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சக்கரம் என்றால் ஸ்போக்ஸ் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் எண்ணெய் வையுங்கள், தளர்ந்த கம்பி இருக்கிறதா என்று விரலால் நெருடிப் பாருங்கள். மிதிக்காமல் விடும்போது வரும் ‘கிர்ர்’ சத்தம் ஃப்ரீவீலின் இயல்பு, அதோடு சண்டை வேண்டாம்.

சீட்டுக்கு இதைவிடச் சுருக்கமான வழி. எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சீட்டோ சீட் பைப்போதான். பைப்பை உருவித் துடைத்து, கிரீஸ் தடவி, கிளாம்பை இறுக்குங்கள். கார்பன் பைப்புக்கு மட்டும் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறது, சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது என்றால்தான் அசல் போட்டி ஆரம்பம்: பெடலா, கிராங்கா, பிபியா?

நான் எப்போதும் பெடலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மற்ற இரண்டையும்விட மலிவு, கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர் போதும். ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும். பெடலைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் உள்ளே குண்டுகளைப் பிடித்து நிறுத்தும் கோன் தளர்ந்திருக்கிறது. ஆடவில்லையா, மரையில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, இறுக்கிப் பூட்டினாலே பல சத்தங்கள் ஓடிவிடும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறந்து தம் பிடித்தால் கழலாது, இன்னும் இறுகும். இதனாலேயே வலதை இடதில் மாட்டிச் சோதிக்கவும் முடியாது. வேறு சைக்கிளின் பெடல் ஜோடியை அரை மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது கிராங்கா பிபியா. இதற்கு ஒரே ஒரு கைச்சோதனை போதும். கிராங்கின் நுனியைப் பிடித்து ஃபிரேமை நோக்கித் தள்ளி, திரும்ப இழுங்கள். அந்தப் பக்கக் கிராங்கு மட்டும் ஆடினால் கிராங்குப் பிடிமானம் போய்விட்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடினால் ஆடுவது அச்சு, அதாவது பிபி.

சாதா சைக்கிளில் கிராங்கை அச்சோடு கட்டிப்போடுவது காட்டர் பின் என்ற ஆப்பு. அது தேய்ந்தோ தளர்ந்தோ போனால், காதுக்குக் கேட்கும் முன்பே காலுக்குத் தெரியும்: பெடல் கீழே இறங்கத் தொடங்கும் நொடியில் ஒரு சின்ன வழுக்கல், உடனே ‘டக்’. நட்டை மட்டும் முறுக்குவது பலருடைய வழக்கம். அந்த இறுக்கம் நிலைக்காது. நட்டு பின்னைத் தாங்குமே தவிர உள்ளே இழுக்காது. இழுக்கச் சொல்லி முறுக்கினால் மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் இரும்புக் கட்டை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, பிறகு நட்டைப் பூட்ட வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அத்தனை அடியும் பிபியின் குண்டு மேலும் அது உருளும் கப் மேலும் விழும்; பின்னைச் சரிசெய்யப் போய் பிபியையும் மாற்றும்படி ஆகும். இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை பார்த்து நிற்க வேண்டும். மாறிப்போனால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, மிதிப்பு நொண்டும்.

கியர் சைக்கிளில் காட்டர் பின் இல்லை. சதுர அச்சில் அலுமினியக் கிராங்கை ஏற்றி போல்ட் போடும் வகையில் இறுக்கம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை வேண்டும். தளர்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் சதுர ஓட்டை உருண்டுவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகையில் இடது கிராங்கில் இரண்டு சின்ன போல்ட்டுகள், 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சத்தத் தொல்லை குறைவு என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு. காட்டர் பின்னுக்கு ஒரு பெருமை உண்டு: எந்தத் தெருமுனைக் கடையிலும் பின்னும் சுத்தியலும் கிடைக்கும்.

பிபியிலும் இரண்டு கட்சி. ஒன்று மரை போட்ட பழைய வகை. பிஎஸ்ஏ என்று அழைக்கப்படும் இதன் அளவுகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவை. அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் பிஎஸ்ஏ சைக்கிளுக்கும் அந்தக் கம்பெனி பெயர்தான். வலப்பக்கக் கப் எதிர்மரை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, இறுக்கினால் அமைதி. இன்னொன்று மரையே இல்லாமல் பேரிங்கை ஃபிரேமுக்குள் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட். கேனன்டேல் கம்பெனி 2000 வாக்கில் கொண்டுவந்த பிபி30 இந்தக் குடும்பத்தில் பெயர்பெற்றது. எடை குறைவு, பருத்த அச்சு எல்லாம் உண்மை. ஆனால் ஃபிரேமின் துளை மயிரிழை பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் பேரிங் நுணுக்கமாக நகரும், முனகும். 2020-ல் ஸ்பெஷலைஸ்டு தன் டார்மாக் எஸ்எல்7-ஐ மறுபடி மரையோடு வெளியிட்டது. டிரெக் டி47 என்ற பெரிய மரைக்கு மாறியது. கம்பெனிகளே திரும்பி வந்த பிறகு, பந்தயத்துக்குப் போகாதவர் பிரஸ்ஃபிட் ஃபிரேமைத் தேடி வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சாதா சைக்கிள் பிபியில் குண்டு உடைந்திருக்கிறதா என்று பார்க்க, செயினை விலக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்று மணல் அரைபட்டாலோ ஓரிடத்தில் சிக்கினாலோ பிரித்துவிடலாம். அப்போது கடைக்காரர் சொல்வது சரி.

கடைக்குக் கொண்டுபோனால் “ஏதோ சத்தம் வருதுண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “வலது கால் இறங்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை, நின்று மிதிச்சாலும் வருது, பெடல் மாத்திப் பார்த்தாச்சு” என்று சொல்லுங்கள். அவரையே ஏறி ஒரு மேடு ஓட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். ஸ்டாண்டில் போட்டுக் கையால் சுற்றினால் பாரம் இல்லை, பாதிச் சத்தங்கள் அங்கே வராது.