மாலை என்றால் பூவா, பொழுதா?

"மாலை வாடிவிட்டது" என்றால் பூ, "மாலை மங்கிவிட்டது" என்றால் பொழுது. நமக்கு யோசிக்கவே வேண்டாம். மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கோ இதுதான் தலைவலி.

பழைய புள்ளியியல் முறை சொற்றொடர் அட்டவணையை (சொற்றொடர்களும் அவற்றின் மொழிபெயர்ப்புகளும் அடங்கிய பட்டியலை) வைத்துக்கொண்டு, எந்தப் பொருள் அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும். துப்பு பக்கத்திலேயே இருந்தால் சரி. "மாலை, எவ்வளவோ தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தும், வாடிவிட்டது" என்று நீட்டினால் தடுமாறும்.

2016இல் கூகுள் மொழிபெயர்ப்பு நரம்பியல் முறைக்கு, அதாவது மூளை நரம்புகளின் பாணியில் அமைந்த கணினி வலைக்கு, மாறத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பு ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தின் மற்ற எல்லாச் சொற்களோடும் சேர்த்து எடைபோடுகிறது. "வாடிவிட்டது" கடைசியில் கிடந்தாலும் எட்டிப் பிடித்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் "மாலை நன்றாக இருந்தது" என்று மொட்டையாகக் கொடுத்தால்? துப்பு முந்தைய வாக்கியத்தில் இருக்கும். வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்கும் அமைப்புக்கு அது எட்டாது. அப்புறம் இன்னொரு வம்பு. பழையது தவறினால் வாக்கியமே பெரும்பாலும் கோணலாகி, தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். புதியதோ தப்பைக்கூடச் சரளமாகச் சொல்லும். மூலத்தோடு ஒப்பிடாதவர் கண்ணில் அது படவே படாது.