எம்ஆர்டிஜி: 64 பிட் கவுண்டரும் ஐந்து முக்காற்புள்ளியும்

கிகாபிட் லைனின் கிராஃப் 110 மெகாபிட் வரை ஒழுங்காக ஏறுகிறது. அதற்குமேல் போகாமல் தடாலென்று 5-க்கு விழுகிறது, திரும்ப ஏறுகிறது, திரும்ப விழுகிறது. இப்படிப் பார்த்தால் கேபிளையும் அதைப் போர்ட்டில் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலையும் மாற்றிப் பார்க்க ஓட வேண்டாம். லைன் நன்றாகத்தான் இருக்கிறது. கிராஃப் போடும் எம்ஆர்டிஜி இன்னும் 32 பிட் கவுண்டரை வாசித்துக்கொண்டிருக்கிறது.

டோபி ஓட்டிக்கர் 1995-ல் எழுதிய இந்த இலவச மென்பொருள் செய்யும் வேலை மிகச் சின்னது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிடமோ ஸ்விட்சிடமோ எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் விவரம் கேட்கும் நெறிமுறை) மூலம் எண்ணைக் கேட்கும், போன தடவை வந்ததைக் கழிக்கும், நேரத்தால் வகுத்துப் படம் போடும். டேட்டாபேஸ் கிடையாது, கனமான சர்வர் வேண்டாம், பெர்ல் இருந்தால் போதும். லாக் ஃபைலும் ஒரு அளவுக்குமேல் பெருகாது. இவ்வளவு நல்ல சாமானில் ஒரே ஒரு பெரிய குறை: எதுவும் சொல்லாவிட்டால் அது எஸ்என்எம்பி முதல் பதிப்பில்தான் பேசும். அந்தப் பதிப்பில் 64 பிட் கவுண்டர் என்ற வகையே இல்லை.

போர்ட்டைக் கடந்த பைட்டுகளை முதல் பதிப்பின் கவுண்டர் 4294967295 வரைதான் எண்ணும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்கு வருமே, அதே கதை. முழு வேகத்தில் ஓடும் 10 மெகாபிட் லைனில் ஒரு சுற்று முடிய 57 நிமிடம் ஆகும், கவலையில்லை. 100 மெகாபிட்டில் ஐந்தே முக்கால் நிமிடம், மயிரிழையில் தப்பும். கிகாபிட்டில் 34 விநாடி, 10 கிகாபிட்டில் மூன்றரை விநாடிகூட இல்லை. புது எண் பழையதைவிடக் குறைவாக வந்தால் எம்ஆர்டிஜி ஒரு சுற்றைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வாசிப்புக்கு நடுவே மீட்டர் மூன்று தடவை சுற்றியிருந்தால் அது தெரிய வழியே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். 300 விநாடியில் 32 பிட் கவுண்டர் காட்டக்கூடிய உச்சம் 114.5 மெகாபிட். ட்ராஃபிக் 120-க்கு ஏறினால் அந்த 300 விநாடியில் 450 கோடி பைட் ஓடும். ஒரு சுற்று விழுங்கியது போக மிச்சம் சுமார் 20.5 கோடி, படத்தில் அது 5.5 மெகாபிட். 400 மெகாபிட் ஓடினால் மூன்று சுற்று போய்விடும், படம் காட்டுவது 56. விநாடிக்கு இத்தனை பைட்டுக்கு மேல் வந்தால் நம்பாதே என்று சொல்லும் மேக்ஸ்பைட்ஸ் என்ற வரம்பாலும் இதைப் பிடிக்க முடியாது. கிகாபிட் போர்ட்டுக்கு அது 125000000, ஆனால் சுற்று விழுங்கிய எண் எப்போதும் அதற்கு வெகு கீழேதான் வரும். எந்த எச்சரிக்கையும் வராமல் நம்பத்தகுந்த ஒரு பொய் கிராஃபில் ஏறி உட்கார்ந்துவிடும். கெபாசிட்டி போதும் என்று அதை வைத்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வது உறுதி.

மருந்து ஒரு வரி. கான்ஃபிக் ஃபைலில், எந்தப் போர்ட்டை வாசிப்பது என்று சொல்லும் டார்கெட் வரியின் கடைசியில், ரவுட்டர் பெயரை அடுத்து :::::2 என்று ஒட்டவேண்டும். ஐந்து முக்காற்புள்ளிக்கு நடுவே வரவேண்டியவை போர்ட் எண், டைம்அவுட், மறுமுயற்சி, பேக்ஆஃப் (ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் காத்திருப்பை நீட்டும் மடங்கு). நான்கையும் காலியாக விட்டால் வழக்கமான மதிப்பே நிற்கும். ஐந்தாவதை அடுத்து வரும் 2 எஸ்என்எம்பி பதிப்பு. ஒரு முக்காற்புள்ளி குறைந்தால் அந்த 2 பேக்ஆஃப் கணக்கில் போய்ச் சேரும், பதிப்பு பழையபடி 1-லேயே நிற்கும், பிழைச் செய்தியும் வராது. எண்ணி எண்ணிப் போடுங்கள். கான்ஃபிக்கைத் தானே எழுதித்தரும் சிஎஃப்ஜிமேக்கரைப் புதிதாக ஓட்டுபவர்கள் அதன் எஸ்என்எம்பி-ஆப்ஷன்ஸ் தேர்வில் இதே :::::2-ஐக் கொடுத்துவிட்டால் எல்லா போர்ட்டுக்கும் தானாக எழுதிவிடும்.

பதிப்பு 2 என்று ஆனதும் எம்ஆர்டிஜி 1.3.6.1.2.1.2.2.1.10 என்ற எஸ்என்எம்பி முகவரியில் இருக்கும் பழைய கவுண்டரை விட்டு, உள்வரவுக்கு 1.3.6.1.2.1.31.1.1.1.6-க்கும் வெளிப்போக்குக்கு அதே அட்டவணையின் 10-வது நெடுவரிசைக்கும் மாறும். இவை 64 பிட். 100 கிகாபிட் லைன் முழுவேகத்தில் ஓடினாலும் ஒரு சுற்று முடிய 46 வருஷத்துக்கு மேல் ஆகும்.

மாற்றுவதற்கு முன்னால் சாதனம் இதைத் தருகிறதா என்று நெட்-எஸ்என்எம்பி என்ற இலவசத் தொகுப்பின் எஸ்என்எம்பிவாக் கருவியால் பாருங்கள்; ஒரு முகவரிக்குக் கீழே உள்ளதையெல்லாம் அது வரிசையாகப் பட்டியலிடும். 1.3.6.1.2.1.31.1.1.1-ஐ முதலில் பதிப்பு 1-ல் நடத்துங்கள்: 5-வது நெடுவரிசை முடிந்ததும் பட்டியல் நேராக 14-க்குத் தாவும். 6 முதல் 13 வரை எல்லாம் 64 பிட் என்பதால், முதல் பதிப்பில் கேட்பவருக்கு அவற்றைத் தாண்டிப் போகச் சொல்கிறது விதி. அதையே பதிப்பு 2சி-யில் (எம்ஆர்டிஜியில் 2 என்று போடுவது இதைத்தான்) நடத்தினால் காணாமல்போன எட்டும் வந்து நிற்கும். ‘எங்கள் ஸ்விட்சில் 64 பிட் கவுண்டர் இல்லை’ என்று சொல்பவர்களில் பலர் பதிப்பு 1-ல் தேடிவிட்டுச் சொல்கிறார்கள். 2சி-யிலும் வரவில்லை என்றால் அந்த சாதனத்துக்கு நோஹெச்சி என்ற அமைப்பை யெஸ் என்று போடவேண்டும். இல்லாவிட்டால் இல்லாத கவுண்டரைக் கேட்டுக்கேட்டு லாக் பிழையால் நிரம்பும்.

2சி பேசவே தெரியாத கிழட்டு சாதனமாக இருந்தால் இன்டர்வலை ஒரு நிமிடமாக்கலாம். உச்சம் 114-லிருந்து 572 மெகாபிட்டுக்கு உயரும். கிகாபிட்டுக்கு இதுவும் அரைகுறை வைத்தியம்தான்.

மாற்றம் பிடித்ததா என்று அறிய போர்ட்டின் லாக் ஃபைலின் முதல் வரியைத் திறந்து பாருங்கள். அதில் மூன்று எண்: நேரம், உள்வந்த கவுண்டர், வெளிப்போன கவுண்டர். பின்னிரண்டும் பத்து இலக்கத்தைத் தாண்டியிருந்தால் வேலை முடிந்தது. பரபரப்பான கிகாபிட் போர்ட்டில் நாள்கணக்காகப் பார்த்தும் 4294967295-ஐத் தாண்டவில்லை என்றால் இரண்டில் ஒன்று: முக்காற்புள்ளி குறைந்திருக்கிறது, அல்லது சாதனமே பொய் சொல்கிறது. இரண்டாவதும் நடக்கும். உள்ளே 32 பிட் எண்ணை வைத்துக்கொண்டு வெளியே 64 பிட் பெயரில் தரும் சாதனங்கள் உண்டு. 32 பிட் லினக்ஸ் கெர்னலில் நெட்-எஸ்என்எம்பி ஏஜென்ட் தானே அவ்வப்போது எண்ணைப் பார்த்துச் சுற்றைச் சேர்த்து 64 பிட்டாக நீட்டப் பார்க்கும். அதில் குழம்பினால் ‘சி64 32 பிட் செக் ஃபெயில்ட்’ என்ற வரி சிஸ்லாகில் வரும். அந்த வரியைப் பார்த்தால் எம்ஆர்டிஜியைத் திட்டாதீர்கள்.

வேக அளவிலும் இதே பள்ளம் இருக்கிறது. போர்ட்டின் வேகத்தைச் சொல்லும் பழைய இஃப்-ஸ்பீட் 32 பிட் என்பதால் 10 கிகாபிட் போர்ட்டுக்கு 4294967295 என்ற உச்சத்தையே சொல்லி நின்றுவிடும். கான்ஃபிக்கில் மேக்ஸ்பைட்ஸ் 536870911 என்று இருந்தால் அது இந்த எண்ணை எட்டால் வகுத்து வந்தது. 1250000000 என்று கையால் திருத்துங்கள். விட்டுவிட்டால் 4.3 கிகாபிட்டுக்கு மேல் வரும் உண்மையான வாசிப்பையெல்லாம் தப்பென்று தள்ளிவிடும், பீக் நேரத்தில் கிராஃப் ஓட்டையாகும். சரியான வேகம் மேலே பார்த்த 1.3.6.1.2.1.31.1.1.1 அட்டவணையின் 15-வது நெடுவரிசையில், மெகாபிட் கணக்கில் இருக்கிறது.

எண்களைச் சேமித்துப் படம் போடும் வேலையை ஆர்ஆர்டிடூல் என்ற தனிக் கருவிக்கு விட்டிருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். இரண்டு எண்ணையும் இலக்க வரிசையாகவே வைத்துக் கழிப்பதால் 64 பிட்டில் அது கடைசி இலக்கத்தையும் கோட்டைவிடாது. இந்தப் பழைய கருவிகளில் பார்க்கும் அக்கறை பல புதுப் பளபளப்பான டாஷ்போர்டுகளில் இல்லை. ஆனால் சாதனம் ரீபூட் ஆகி கவுண்டர் பூஜ்யத்துக்கு வந்தால், ஆர்ஆர்டிடூல் அதை 64 பிட் சுற்று என்று நினைத்து வானளவு கோபுரம் ஒன்று எழுப்பிவிடும். அதைத் தடுப்பது மேக்ஸிமம் வரம்பு. இன்ஃபோ கட்டளையில் டிஎஸ்0 (உள்வரவு), டிஎஸ்1 (வெளிப்போக்கு) இரண்டின் மேக்ஸ் மதிப்பும் என்ஏஎன், அதாவது வரம்பே இல்லை என்று வந்தால், கிகாபிட் போர்ட்டுக்கு ட்யூன் கட்டளையால் 125000000 போடுங்கள். ஏற்கெனவே எழும்பிய கோபுரம் இதனால் இறங்காது.

டிஸ்க் அளவுக்கும் எம்ஆர்டிஜியை ஓட்டுபவர்களுக்கு: நெட்-எஸ்என்எம்பி தரும் யூசிடி டிஸ்க் அட்டவணையின் டிஸ்க்-டோட்டல் கிலோபைட்டில் 2147483647-க்கு மேல் ஏறாது, அதாவது 2 டெராபைட். அதே அட்டவணையில் 11, 12-வது நெடுவரிசையில் தாழ்பாதி, மேல்பாதி என்று இரண்டு எண் தருகிறார்கள். மேல்பாதியை 4294967296-ஆல் பெருக்கித் தாழ்பாதியைக் கூட்டினால் சரியான கிலோபைட் வரும்.

இடைமுகம் தொண்ணூறுகளின் வெப்பக்கம் மாதிரியே இருக்கிறது, அலர்ட் வசதி சுமார், கான்ஃபிக் எழுதுவது சலிப்பு. ஐம்பது, அறுபது போர்ட் வரை இதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஐநூறு போர்ட் என்றால் வேறு பார்ப்பது நல்லது. மாற்றும் நாளில் ஒன்றை மறக்கவேண்டாம்: லாக் ஃபைலின் முதல் வரியில் கிடக்கும் பழைய 32 பிட் எண்ணைப் புது 64 பிட் எண்ணிலிருந்து கழித்தால் முதல் வாசிப்பு பேயாட்டம் ஆடும், ஆகவே மேக்ஸ்பைட்ஸை அதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். போன வருஷத்துக் கிராஃபை மட்டும் திருத்த வழியில்லை.