காட்டுயிர் ரெக்கார்டருக்கு வெளி மைக் வாங்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பறவை, தவளை என்று ஒலிப்பதிவு செய்கிற நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘காட்டுயிர் ரெக்கார்டருக்கான விசேஷ மைக்’ என்று ஆன்லைனில் ஒரு பொருள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி 6,500 ரூபாய் கொடுத்தேன். வந்தது, செல்போனில் மாட்டிப் பேசுகிற சாதாரண காலர் மைக். கறுப்புக் குழாய்க்குள் திணித்து, நீளமான ஒயர் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தவளைகள் கூடுகிற முதல் மழை இரவுகள் போய்விட்டன. அதை யார் திருப்பித் தருவார்கள்?

விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதே படத்தைப் போட்டு வேறு வேறு பெயர்களிலும் இதை விற்கிறார்கள். அதனால் பெயரைவிடப் பொருளின் அடையாளம் தெரிந்திருப்பதுதான் உதவும்.

என்னிடம் இருப்பது ஆடியோமாத், காட்டில் வைத்துவிட்டு வந்தால் தானே ஒலிப்பதிவு செய்கிற சின்ன ரெக்கார்டர். மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற பலகை. பலகையிலேயே ஒரு மைக் உண்டு. 1.2.0 பதிப்பில் வெளி மைக் மாட்ட 3.5 மிமீ சாக்கெட்டும் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் தெரிந்த அண்ணாச்சி ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது, தோப்புக்குள் ஒரு குட்டை. மழை விழுந்ததும் அங்கே கூடுகிற தவளைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ரெக்கார்டரைப் பெட்டிக்குள் வைத்து மரத்தில் உயரமாகக் கட்டிவிட்டு, மைக்கை மட்டும் தண்ணீர் ஓரம் இறக்கினால் கருவியும் நனையாது, சத்தமும் பக்கத்திலிருந்து கிடைக்கும். அதற்குத்தான் ஐந்து மீட்டர் ஒயரோடு வெளி மைக்.

பெரிய மழை ஒன்று விழுந்தவுடன் ஆண் பெருந்தவளைகள் பளிச்சென்று மஞ்சளாகிக் குட்டையில் இறங்கும். தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்பும். அந்தக் கூட்டுக் கச்சேரி ஒரு சில இரவுகள்தான். அந்த இரவுகளைத் தவறவிட்டால் மறு வருஷம் வரை காத்திருக்க வேண்டும்.

மைக் வந்தது. மாட்டிப் பதிவு செய்தேன். மூடிய அறைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கலான சத்தம். விற்றவருக்கு எழுதினேன். “ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க சார்” என்றார், அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாம். செய்தேன். “கெயினை ஹைல வைங்க” என்றார், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவைக் கூட்ட வேண்டுமாம். வைத்தேன். “கார்டு ஸ்லோவா இருக்கும், மாத்திப் பாருங்க” என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் இடையில் ஒரு நாள், இரண்டு நாள். ஏழு நாள் ரிட்டர்ன் கெடு முடிந்த மறுநாள், “உங்க ரெக்கார்டர் சாக்கெட் போயிருச்சு ப்ரோ, மைக்ல எந்தப் பிரச்சினையும் இல்ல” என்று முடித்துக்கொண்டார். சார், ப்ரோவானதும் அன்றைக்குத்தான்.

சாக்கெட் நன்றாகத்தான் இருந்தது. கருவி தானே எழுதி வைக்கிற குறிப்பிலேயே அது தெரிந்தது. ஆடியோமாத் பதிவு செய்யும் ஒவ்வொரு வேவ் (.wav) ஒலிக் கோப்பின் தலைப்பிலும் நேரம், கருவி எண், கெயின், பேட்டரி வோல்ட், வெப்பநிலை எல்லாம் ஒரு ஆங்கில வரியாக இருக்கும். சின்னக் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தால் ஆரம்பத்திலேயே படிக்கலாம். வெளி மைக் வழியாகப் பதிவாகியிருந்தால் அதையும் அந்த வரி சொல்லும். என் கோப்புகளில் அந்தச் சொற்களே இல்லை. அதாவது, பெட்டிக்குள் அடைபட்டிருந்த உள் மைக்தான் அவ்வளவு நேரமும் பதிவு செய்திருக்கிறது. காரணம், அவர்கள் கொடுத்த பின்னின் கழுத்து அளவுக்கு மீறிய தடிமன். பெட்டித் துளையில் இடித்துக்கொண்டு பின் முழுதாக உள்ளே இறங்கவே இல்லை. வெளி மைக்கில் மங்கலாகக் கேட்டால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

துளையைப் பெரிதாக்கிப் பின்னை முழுசாக இறக்கினேன். இப்போது குறிப்பில் வெளி மைக் என்று வந்துவிட்டது. ஆனால் சத்தம் அறவே இல்லை, லேசான ரீங்காரம் மட்டும். அப்போது பின்னைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அதில் மூன்று கறுப்பு வளையங்கள். செல்போன் ஹெட்செட்டுக்கான நான்கு முனைப் பின் அது. போனுக்கான பின்னில் மைக் இணைப்பு அடி முனையில் இருக்கும். ரெக்கார்டரும் கேமராவும் மைக்கை நுனி முனையில் எதிர்பார்க்கும், அடிமுனை அவற்றுக்கு எர்த். இந்த மைக்கின் நுனிமுனையில் ஒன்றுமே இணைக்கப்படவில்லை. சத்தம் எங்கிருந்து வரும்? இரண்டு கறுப்பு வளையம் உள்ள பின்தான் உங்களுக்கு வேண்டும், மூன்று வளையம் இருந்தால் அது போன் மைக். விளம்பரப் படத்தில் பின் தெரியாதபடி ஒயரைச் சுருட்டி மேலே வைத்திருந்ததன் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது.

போன் பின்னை ரெக்கார்டர் பின்னாக மாற்றுகிற சின்ன அடாப்டர் வாங்கிப் போட்டதும் ஒருவழியாகச் சத்தம் வந்தது. கூடவே ‘உஸ்’ஸென்ற இரைச்சல். தோப்பில் பம்புசெட் ஓடும்போதெல்லாம் 50 ஹெர்ட்ஸ் முனகல் வேறு. கேப்சூல் என்பது மைக்குக்குள் ஒலியை மின்சாரமாக மாற்றுகிற பாகம். விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருந்தது பிரைமோ நிறுவனத்தின் இஎம்272 கேப்சூல். இயற்கை ஒலிப்பதிவு செய்கிறவர்கள் மத்தியில் மிகவும் பேர் வாங்கிய கேப்சூல் அது. அதன் சுய இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்புகிற ‘உஸ்’, 14 டெசிபெல் அளவில்தான். சாதாரண மலிவு கேப்சூல்களில் இது 35 டெசிபெலைத் தொடும். 20 டெசிபெல் வித்தியாசம் என்றாலே இரைச்சல் மின்னழுத்தம் பத்து மடங்கு. பக்கத்தில் கத்துகிற பெருந்தவளை அதையும் மீறிக் கேட்கும். தூரத்து ஆந்தையும் சின்னத் தவளைகளும் அதற்குள் மூழ்கிவிடும்.

மதுரையில் பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய் மைக்கைப் பிரிக்கச் சொன்னேன். இஎம்272 என்றால் 10 மிமீ விட்டம். உள்ளே இருந்தது எழுத்தே இல்லாத 6 மிமீ கேப்சூல். வெளி மின் இரைச்சலைத் தடுக்கிற ஒயரின் ஷீல்டு வலையைக் கத்தரித்து முறுக்கி அப்படியே விட்டிருந்தார்கள், எங்கேயும் சால்டர் இல்லை. பம்புசெட் முனகல் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. ‘நீர்புகா ஒலிச்சவ்வு’ என்று பெரிதாகப் போட்டிருந்த இடத்தில் பிளம்பர் குழாயில் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு துண்டு. ஓரமெல்லாம் குளூ கன் பசை. “தம்பி, இது நூறு, நூத்தம்பது ரூபாய்ச் சாமான்” என்றார் அண்ணன். பிரித்ததற்குக் காசும் வாங்கவில்லை.

அதே விளம்பரத்தில் ‘வௌவால் ஒலியும் பதியும்’ என்று ஒரு வரி உண்டு. பூச்சி பிடிக்கிற வௌவால்களில் பெரும்பாலானவை எழுப்பும் ஒலி 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. ஆடியோமாத் 384 கிலோஹெர்ட்ஸ் வேகம் வரை, அதாவது ஒலியை நொடிக்கு 3,84,000 முறை அளந்து பதிவு செய்யும், சரி. ஆனால் மைக் அந்த ஒலியைப் பிடித்தால்தானே? பேச்சுக்காகச் செய்த கேப்சூலை வைத்து வௌவால் ஆய்வு செய்ய இறங்கும் மாணவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி வாங்குகிறவர்கள் கேப்சூலின் பெயர், சுய இரைச்சல், பின்னில் எத்தனை முனை, எந்த முனையில் மைக் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். ‘எல்லா ரெக்கார்டருக்கும் செட்டாகும்’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். மைக்குக்கு எத்தனை வோல்ட் தேவை என்பதும் முக்கியம். 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (ஒயர் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கிற மின்சாரம்) கேட்கிற ஸ்டுடியோ மைக்கை ஏதோ ஒரு ஒயர் போட்டு மாட்டினால் வேலை செய்யாது, சாக்கெட் வழியாக இந்தச் சின்னக் கருவிகள் கொடுப்பது மிகச் சிறிய மின்னழுத்தம்தான். கூரியர் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்று இரவே துணி நிறைந்த பீரோவுக்குள் ஒரு கைக்கடிகாரத்தோடு வைத்து, உள் மைக்கில் ஒரு நிமிடம், வெளி மைக்கில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். கடிகாரத்தின் டிக் டிக்கைவிட இரைச்சல் ஓங்கியிருந்தால் மறுநாளே திருப்பி அனுப்புங்கள். விற்றவர் சொல்கிற ஃபர்ம்வேர், கார்டு சோதனைகளை எல்லாம் ரிட்டர்ன் கேட்டு எழுதிய பிறகு செய்துகொள்ளலாம். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

அட்டைப் பெட்டியையும் பாருங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது எழுத்தே இல்லாத காக்கிக் கவர்.

2020 மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். எனக்கு இரண்டுமே நடக்கவில்லை, அதனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். அங்கேயும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு. விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், கோப்புத் தலைப்பில் இருந்த வரி, பிரித்த மைக்கின் படங்கள் மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

இதே மைக் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில், கவர், மைக் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து நீங்களும் 1915-இல் பதியுங்கள். ஒரே பொருளைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து புகார் போனால், நுகர்வோர் எல்லோர் சார்பிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.