அமெரிக்க சிட்டிசன் அக்கா, ஓவர்ஸ்டே ஆன தம்பி, நடுவில் ஒரு வாஷி ஏஜென்ட்

உங்கள் அக்காவோ அண்ணனோ அமெரிக்க சிட்டிசன். நீங்கள் முன்பு அங்கே போய், கெடு தாண்டித் தங்கிவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது அவர்கள் உங்களை ஸ்பான்சர் செய்ய நினைக்கிறார்கள். இந்த நிலைமையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மும்பையில் எனக்குத் தெரிந்தே சில உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களிடம் ஒரு ஏஜென்ட் 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வாங்கினார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் சொன்ன இடத்தில் ஒரு டிக் அடித்திருந்தால் என் வீட்டுக்காரர் ஆயுசுக்கும் அந்த நாட்டுப் பக்கம் போக முடியாதபடி ஆகியிருக்கும்.

என் பெரிய நாத்தனார் டெக்சாஸில் இருக்கிறார், சிட்டிசன். 2022 தொடக்கத்தில் அவருக்கு ஒரு ஆபரேஷன். கூடமாட உதவிக்கு என் வீட்டுக்காரர் விசிட்டர் விசாவில் போனார். பாஸ்போர்ட்டில் பத்து வருட விசா ஸ்டாம்ப் இருந்தது. அந்த ஸ்டாம்ப் உள்ளே போவதற்கான அனுமதி மட்டும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பது இறங்கும்போது பதிவாகும் ஐ-94 என்ற ரெக்கார்டில் இருக்கும் தேதி. விசிட்டருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அங்கே இருந்த ஒரு நண்பர் "பத்து வருஷ விசா இருக்குல்ல, அப்புறம் என்ன" என்று சொல்லியிருக்கிறார். ஆபரேஷன், அதற்குப் பிறகு ஒரு சிக்கல், மறுபடி ஆஸ்பத்திரி என்று இழுத்துக்கொண்டே போய், 2023 அக்டோபரில்தான் இவர் மும்பையில் செம்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஐ-94 தேதியைத் தாண்டி 14 மாதம்.

போன வருடம் நாத்தனார், "தம்பிக்கு நான் மனு போட்டுவிடுகிறேன், மும்பையில் யாரிடமாவது விவரம் கேளுங்கள்" என்றார். எங்கள் பில்டிங்கில் இருக்கும் ஓர் அம்மா மூலமாகத்தான் அந்த ஏஜென்ட் நம்பர் கிடைத்தது. "நம்ம திருநெல்வேலிக்காரர், நம்பலாம்" என்றார்கள்.

நவி மும்பையில் வாஷி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். சுவரில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாக் கொடிகள். "வாங்க தங்கச்சி, எந்த ஊரு?" என்றுதான் ஆரம்பித்தார். தென்காசிப் பக்கம் என்றதும் டீ வந்தது. அரைமணி நேரம் ஊர்க்கதை, குற்றாலத்தில் இந்த வருடம் சீசன் எப்படி என்பதுவரை. அதற்குப் பிறகுதான் கேஸ். ஓவர்ஸ்டே என்று சொன்னதும் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, வேய்வர் போட்டு எடுத்துறலாம். அண்ணன்-தங்கச்சி கேட்டகரியில இப்ப காலி சீட் இருக்கு. ரெண்டு வருஷத்துல மூணு பேரும் அங்க இருப்பிய" என்றார். மூன்றாவது ஆள் எங்கள் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

பதிவுக் கட்டணம் 75 ஆயிரம். வேய்வருக்கு, அதாவது தடைக்கு விலக்குக் கேட்பதற்கு, ஒன்றரை லட்சம். குழந்தையைச் சேர்க்க 60 ஆயிரம். பாதி ஜிபே, பாதி ரொக்கம். ஜிபேயில் போனது யாரோ ஒரு பெண்மணி பெயரில் இருந்த கணக்குக்கு. ரொக்கத்துக்கு ரசீது கேட்டால், "ஆபீஸ் செலவுல எழுதிக்கிடுதேன்" என்பார். நாத்தனாரின் பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ் இரண்டின் நகலையும் வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்து போலீஸ் சான்றிதழ், அதாவது பிசிசி. பாஸ்போர்ட் சேவா தளத்தில் நாமே விண்ணப்பித்தால் 500 ரூபாய்க் கட்டணம். ஏஜென்ட் 6 ஆயிரம் வாங்கினார். மெடிக்கல் என்று நேருலில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார், 14 ஆயிரம். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான மெடிக்கலை அவர்கள் அங்கீகரித்த பேனல் டாக்டர்களிடம் மட்டும்தான் எடுக்க முடியும், அதுவும் நேர்காணல் தேதி கிடைத்த பிறகு. ரிப்போர்ட் பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும். மனுவே போடாத கேஸுக்கு எங்கள் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்து, மார்பு எக்ஸ்ரே எடுத்து அனுப்பி வைத்தார்கள். என் மகள் ஊசிக்கு அழுத அழுகை இன்னும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

சில மாதம் கழித்து ஒரு நாள் போன். "அப்ரூவல் வந்திருச்சு தங்கச்சி." போனால் ஒரு ஜெராக்ஸ் தாள். மேலே அமெரிக்க அரசு முத்திரை, நடுவில் இவர் பெயர், ஒரு நம்பர். அதற்கு 75 ஆயிரம். அன்று இரவே தாளைப் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்தார். "நான் எதிலயும் கையெழுத்தே போடலயே, ஒரு டாலர் கூடக் கட்டலயே, எப்படி அப்ரூவ் ஆகும்?" என்றார்.

இந்த ஒரு கேள்வியே போதும், முழு மோசடியும் வெளியே வந்துவிடும். உடன்பிறந்தவருக்கான மனுவை, ஐ-130 என்று பெயர், போடுகிறவர் அமெரிக்காவில் இருக்கும் சிட்டிசன்தான். அவர் 21 வயது முடிந்தவராக இருக்க வேண்டும். அவர் கையெழுத்து, அவர் கட்டணம். வெறும் கிரீன் கார்டு வைத்திருப்பவர் தம்பி தங்கைக்குப் போடவே முடியாது. மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டுக்கு இதில் வேலையே கிடையாது. மனு உண்மையிலேயே போயிருந்தால் ரசீது எண் வரும். மூன்று எழுத்து, அதற்குப் பின் பத்து இலக்கம். யூஎஸ்சிஐஎஸ் என்ற அமெரிக்கக் குடியேற்றத் துறையின் தளத்தில் கேஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. எங்கள் தாளில் இருந்த நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. போலி அடிப்பவர் எண்ணிக்கையாவது சரிபார்த்திருக்கலாம்.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்கப் போனபோது அவர் பிடி கொடுக்காமல் பேச்சை மாற்றினார். "அது இன்டெர்னல் நம்பர், ஆன்லைன்ல வராது. அதெல்லாம் விடுங்க, சீக்கிரமா போறதுக்கு ஒரு வழி சொல்லுதேன்" என்றார். வழி இதுதான். பழைய பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்துப் புது பாஸ்போர்ட் வாங்க வேண்டும். அதில் புதிதாக விசிட்டர் விசாவுக்கு டிஎஸ்-160 ஃபார்ம் போட வேண்டும். முன்பு எப்போதாவது அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியிருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி வரும், அங்கே "இல்லை" என்று டிக் அடிக்க வேண்டும். போய் இறங்கிவிட்டால் மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாமாம். இதற்குத் தனியாக இரண்டு லட்சம். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

நாத்தனார் டாலஸில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் நேரம் வாங்கினார். அந்த மாநில வக்கீல்களின் பார் அமைப்பின் தளத்தில் அந்த வக்கீல் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போனார். அமெரிக்காவில் குடியேற்ற விஷயத்தில் சட்ட ஆலோசனை சொல்ல உரிமம் உள்ள வக்கீலுக்கும், அந்நாட்டு நீதி அமைச்சகம் அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான் அனுமதி. நாங்களும் வீடியோவில் சேர்ந்துகொண்டோம். அந்த வக்கீல் அம்மா விளக்கியதைக் கேட்டபோதுதான் ஏஜென்ட் விற்ற ஒவ்வொன்றும் என்னவென்று புரிந்தது.

அனுமதித்த தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் இருந்துவிட்டுத் தானாகத் திரும்பினால் மூன்று வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். வெளியேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். எங்கள் கணக்கில் 2033 அக்டோபர்வரை. ஓவர்ஸ்டே ஆன அன்றே அந்தப் பத்து வருட விசாவும் செல்லாததாகிவிட்டது, பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் எவ்வளவு அழகாக இருந்தாலும். (மாணவர் விசாவில் போனவர்களுக்கு நாள் கணக்கு வேறு மாதிரி. அவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

வேய்வர் என்ற விதிவிலக்கு உண்மையில் இருக்கிறது. ஆனால் நம்மைச் சேர்க்காவிட்டால் கடும் துன்பத்துக்கு ஆளாவார் என்று காட்ட வேண்டிய உறவு, சிட்டிசனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ ஆன கணவன், மனைவி, அப்பா, அம்மா மட்டும்தான். அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. என் மாமியார் எங்களோடு செம்பூரில் இருக்கிறார், நானும் இங்கேதான். ஆக, எங்களுக்கு வேய்வருக்கு இடமே இல்லை. ஒன்றரை லட்சம் எதற்கு வாங்கினார் என்று அவருக்கே வெளிச்சம்.

அதைவிட வயிற்றெரிச்சல் அடுத்து வந்தது. உடன்பிறந்தோர் பிரிவுக்கு, எஃப்-4 என்பார்கள், உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65 ஆயிரம் விசாதான் ஒதுக்கீடு. ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத்துறை மாதாமாதம் விசா புல்லட்டின் வெளியிடுகிறது. 2025-ல் இந்தியர்களுக்கு நடந்துகொண்டிருந்தது 2006-ல் மனு போட்டவர்களின் முறை. இன்று போட்டால் எங்கள் முறை வர இருபது வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. பத்து வருடத் தடையோ 2033-லேயே முடிந்துவிடும். மனு போடுவதற்கு அந்தத் தடை குறுக்கே வராது, விசா கொடுக்கும் கட்டத்தில்தான் பார்ப்பார்கள். அதாவது வரிசையில் நிற்கும் காலத்திலேயே கரைந்துபோகும் ஒரு பிரச்சினைக்கு மருந்து என்று சொல்லி எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்.

ஏஜென்ட் சொன்ன "இல்லை" டிக் விஷயம் அப்படிக் கரையாது. விசாவுக்காக வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் தடைக்குக் கால வரம்பே கிடையாது, ஆயுள் முழுக்க. குடியேற்ற விசாவில் அதற்கு விலக்குக் கேட்கவும் அதே கணவன், மனைவி, பெற்றோர் கணக்குத்தான். பாஸ்போர்ட் நம்பர் மாறினால் அவர்களுக்குத் தெரியாது என்பதும் கதை. போகும்போது எடுத்த கைரேகை அவர்களிடம் இருக்கிறது, வந்த தேதியும் போன தேதியும் இருக்கின்றன.

மகள் விஷயமும் பொய்தான். மனுவில் பிள்ளைகள் சேர்வது 21 வயதுக்குள், கல்யாணம் ஆகாமல் இருந்தால். மனு அரசின் பரிசீலனையில் இருந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழிப்பார்கள், அதற்குப் பின் வரிசையில் காத்திருக்கும் காலத்தைக் கழிக்க மாட்டார்கள். எங்கள் முறை வருகிற நேரத்தில் அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கலாம்.

எல்லாம் கேட்ட பிறகும் நாத்தனார் மனு போட்டார். ஆன்லைனில் அவரே, கட்டணம் 625 டாலர். தபாலில் அனுப்பினால் 675. ரசீது எண் வந்தது, தளத்தில் போட்டால் தெரிகிறது. இதில் உண்மையான வேலை காகிதம் சேர்ப்பதுதான், அதை எந்த ஏஜென்ட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. இருவரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று பிறப்புச் சான்றிதழில் தெரிய வேண்டும். இவருடைய சான்றிதழில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தது, பெயர்க் கட்டம் காலி. அக்கா பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய்ப் புருஷன் பெயர் வந்துவிட்டது. இவருக்கு இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கிறது. ஊருக்குப் போய்ப் பெயர் சேர்த்து, பள்ளிச் சான்றிதழ் வாங்கி, பெரியப்பாவிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி அனுப்பினோம். இன்னொன்று: இப்படி ஒரு மனு நிலுவையில் இருந்தால், அடுத்து விசிட்டர் விசாவுக்குப் போகும்போது அதையும் சொல்லியாக வேண்டும். குடியேறத்தான் வருகிறாய் என்று மறுக்க அதுவே காரணமாகலாம். அக்கா வீட்டுக்கு அடிக்கடி போய் வர நினைப்பவர்கள் இதை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

பணத்தின் நிலவரம். போலீஸில் முதலில் "சிவில் மேட்டர்" என்றார்கள். போலி அப்ரூவல் தாளைக் காட்டி, பாரதிய நியாய சன்ஹிதா 318, ஏமாற்றுதல் என்று இங்குள்ள வக்கீல் எழுதிக் கொடுத்த பிறகு புகாரை வாங்கிக்கொண்டார்கள். வக்கீல் நோட்டீஸ் போனதும் ஒரு லட்சம் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. ஐந்து லட்சம்வரை அங்கே கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே பதிவும் வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜ்களும்தான் எங்கள் ஆதாரம், ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஒன்றுமில்லை. நாத்தனாரின் சான்றிதழ் நகல் இன்னும் அந்த ஆளிடம் இருக்கிறது. அதை வைத்து யாரும் விளையாடாமல் இருக்க, நாத்தனார் அங்கே தன் கிரெடிட் ரெக்கார்டை, அதாவது கடன் விவரப் பதிவை, முடக்கி வைத்திருக்கிறார்.

வாஷி ஆபீஸ் இப்போது பூட்டியிருக்கிறது. கார்கர் பக்கம் வேறு போர்டில் நடக்கிறது என்று கேள்வி. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நெற்றியில் சந்தனம், பேச்சு சுத்தமான நெல்லைத் தமிழ். "அண்ணன்-தங்கச்சி கேட்டகரி", "காலி சீட்" என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அவரிடம் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எங்கள் வக்கீல் உங்கள் புகாரையும் சேர்த்துப் போடத் தயாராக இருக்கிறார்.